ஜூல் கணக்கு எழுதுவது எப்படி? ஆற்றல் இருப்பும் பரிமாற்றமும்: புதிதாகப் படிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

மின்விளக்கில் மின்னாற்றல் ஒளி ஆற்றலாக மாறுகிறது, மின்விசிறியில் மின்னாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்காதவர் நம்மில் குறைவு. அந்த விடையைத் தவறு என்று தள்ளிவிட முடியாது; ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு நகரவும் முடியாது. இரவு பத்து மணிக்குப் போட்ட மின்விசிறி காலை ஆறு மணி வரை ஒரே வேகத்தில் சுற்றுகிறது. எட்டு மணி நேரமும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இறக்கைகளின் வேகமோ முதல் நிமிடத்துக்குப் பிறகு இம்மியும் கூடவில்லை. அப்படியானால் உள்ளே வந்த ஆற்றல் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது? மனப்பாடம் செய்த வரி இங்கே கைகொடுப்பதில்லை.

கைகொடுப்பது வரவு செலவுக் கணக்குதான். மளிகைக் கடையில் பேரேடு எழுதுபவர் "பணம் மாறியது" என்று எழுதி வைப்பதில்லை. எந்தக் கணக்கில் எவ்வளவு குறைந்தது, எந்தக் கணக்கில் எவ்வளவு ஏறியது, ரொக்கமாகப் போனதா, வங்கி வழியாகப் போனதா என்று எழுதுகிறார். பணம் பெட்டியில் இருந்தாலும் வங்கியில் இருந்தாலும் பணம்தான். இருக்கும் இடம்தான் வேறு. ஆற்றலும் அவ்வாறே. அது கண்ணால் காணத்தக்க ஒரு பொருள் அன்று; நிறை, உயரம், வேகம், வெப்பநிலை போன்ற அளவீடுகளிலிருந்து நாம் கணக்கிட்டு எடுக்கும் ஓர் எண். இயற்கையில் எது நடந்தாலும், எல்லா இருப்புகளையும் கூட்டினால் கிடைக்கும் அந்த எண் மாறுவதில்லை என்பதே ஆற்றல் மாறா விதி. இங்கிலாந்துப் பள்ளிகளில் இன்று ஆற்றலை எட்டு இருப்புகளாகவும் நான்கு பரிமாற்ற வழிகளாகவும் பிரித்துக் கற்பிக்கிறார்கள். நம் பாடநூல்களின் "ஆற்றல் வடிவங்கள்" என்னும் முறையைவிட அந்த முறை கணக்குக்கு எளிது என்பது என் கருத்து. ஆகவே அதன் வழியிலேயே செல்கிறேன்.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஆற்றல் என்றும் திறன் என்றும் சொல்லப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே சக்தி என்றும் வலு என்றும் வழங்குகின்றன. இங்கே தமிழ்நாட்டு வழக்கையே கையாள்கிறேன். ஆற்றலின் அலகு ஜூல். 100 கிராம் சோப்புக் கட்டி ஒன்றைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் ஏறத்தாழ ஒரு ஜூல் செலவாகும். திறன் என்பது ஒரு நொடிக்கு எத்தனை ஜூல் நகர்கிறது என்னும் வேகக் கணக்கு. நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். மின் கட்டணச் சீட்டில் வரும் யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம் நகர்த்தும் ஆற்றல், அதாவது 36,00,000 ஜூல்.

முதல் படி: எல்லையையும் இரு கணங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்

எந்தப் பொருள்கள் உங்கள் பேரேட்டுக்குள் வருகின்றன என்பதை முதலில் எழுதுங்கள். இது வெறும் சடங்கு அன்று. "கல்லின் நிலை ஆற்றல்" என்று நாம் சொன்னாலும், அந்த ஆற்றல் கல்லுக்கு மட்டும் உரியது அன்று. கல்லும் பூமியும் ஒன்றையொன்று ஈர்ப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பொறுத்து அமையும் கூட்டுச் சொத்து அது. பெட்ரோலிலும் அரிசியிலும் உள்ள ஆற்றலும் அப்படித்தான்: ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெட்ரோல் எரியாது; ஆகவே எரிபொருளும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்த இணைக்கே அந்த இருப்பு சொந்தம்.

அடுத்து, தொடக்கக் கணம் எது, முடிவுக் கணம் எது என்று குறியுங்கள். தேர்வில் பிள்ளைகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். மாடியிலிருந்து விழும் பந்தின் ஆற்றல் எங்கே போனது என்று கேட்டால், முடிவுக் கணத்தைச் சொல்லாமல் விடை சொல்லவே முடியாது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன் என்றால் எல்லாம் இயக்க இருப்பில் உள்ளது. தரையோடு அழுந்தி நிற்கும் கணம் என்றால் பெரும்பகுதி மீட்சி இருப்பில் உள்ளது. உருண்டு ஓய்ந்த பிறகு என்றால் அனைத்தும் பந்து, தரை, காற்று ஆகியவற்றின் வெப்ப இருப்பில் உள்ளது. மூன்றும் சரியான விடைகளே.

இரண்டாம் படி: எந்த இருப்பு குறைந்தது, எது கூடியது என்று எழுதுங்கள்

இருப்புகள் எட்டு என்றாலும், பள்ளிக் கணக்குகளில் அன்றாடம் வருபவை ஐந்துதான்: இயக்கம், ஈர்ப்பு, மீட்சி, வெப்பம், வேதியியல். மின்னூட்டங்களுக்கு இடையிலும் காந்தங்களுக்கு இடையிலும் உள்ள இருப்புகளும் அணுக்கரு இருப்பும் இருக்கின்றன. அவை மேல் வகுப்புக்கானவை என்பதால் பெயரோடு விட்டுவிடலாம்.

ஈர்ப்பு இருப்பின் மாற்றத்தைக் காண நிறையையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் உயர வேறுபாட்டையும் பெருக்க வேண்டும். ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு 9.8. உயரத்தைத் தரையிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. கிணற்றின் நீர்மட்டத்தைச் சுழியாக வைத்தாலும், மொட்டை மாடியைச் சுழியாக வைத்தாலும், ஒரு கணக்கு முடியும் வரை அதை மாற்றாமல் இருந்தால் போதும்.

இயக்க இருப்பு என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிக் கிடைப்பது. அந்த இருமடி ஏன் வந்தது என்று கேட்கும் மாணவருக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று உண்டு. 1720-களில் நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஸ்கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மெத்தென்ற களிமண்ணில் விழச்செய்து, அவை ஏற்படுத்திய பள்ளங்களை அளந்தார். வேகம் இரண்டு மடங்கானபோது பள்ளம் இரண்டு மடங்காகவில்லை, நான்கு மடங்காயிற்று. பிரான்சு நாட்டு அறிஞர் எமிலி து ஷாத்லே அந்தச் சோதனையின் பொருளை உணர்ந்து தம் நூலில் எடுத்துக்காட்டி வாதிட்டார். நம் சாலையில் இதே பாடம் இன்னும் கொடுமையாகக் கற்பிக்கப்படுகிறது: ஓட்டுநரோடு சேர்த்து 150 கிலோ நிறையுள்ள இருசக்கர வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க இருப்பு 7,500 ஜூல், 72 கிலோமீட்டர் வேகத்தில் 30,000 ஜூல். பிரேக் அதே விசையோடு பிடித்தால், வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் நான்கு மடங்காகும்.

மீட்சி இருப்பு என்பது நீட்டிய ரப்பரிலும் அழுத்திய சுருள்வில்லிலும் இருப்பது. சுருள்வில் மாறிலி, அதாவது ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்னும் எண்; அதில் பாதியை நீட்சியின் இருமடியால் பெருக்கினால் அது கிடைக்கும். உண்டிவில்லின் ரப்பர் ஒரு மீட்டருக்கு 100 நியூட்டன் என்னும் மாறிலி உடையது என்று கொண்டு, அதை 20 சென்டிமீட்டர் இழுத்தால் 2 ஜூல் சேரும். அந்த 2 ஜூலும் 20 கிராம் கூழாங்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தால், கல் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் பறக்கும். உண்மையில் ரப்பரும் சற்றே சூடேறுவதால் வேகம் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வெப்ப இருப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் உள்ளுணர்வு மிகவும் ஏமாறுவது அங்கேதான். அதன் மாற்றத்தைக் காண நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோ பொருள் ஒரு டிகிரி சூடாகத் தேவைப்படும் ஜூல்), வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக 4,200 ஜூல் தேவை. இந்த எண்ணின் பெருமையை உணர, கைப்பேசியின் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 மில்லிஆம்பியர்-மணி, 3.85 வோல்ட் என்று அச்சிட்ட பேட்டரியில் நிறையச் சேமிக்கக்கூடிய ஆற்றல் 5 × 3,600 × 3.85, அதாவது 69,300 ஜூல். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் அந்த உயரம் ஏற 60 × 9.8 × 83, அதாவது ஏறத்தாழ 49,000 ஜூல் ஈர்ப்பு இருப்பில் சேர்கிறது. ஆகவே இழப்பே இல்லாத ஒரு பொறி இருந்தால், அந்தச் சிறு பேட்டரி ஒரு முழு ஆளை மலைக்கோட்டை உச்சிக்குத் தூக்கி வைத்துவிட்டு மீதியும் காட்டும். அதே பேட்டரியைக் கொண்டு ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கினால், வெப்பநிலை 16 டிகிரிக்குச் சற்று மேல்தான் உயரும். குளிக்கக்கூடப் போதாத வெதுவெதுப்பு. கீழே விழுந்த பொருளின் ஆற்றல் "காணாமல் போய்விட்டது" என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணமும் இதுதான்: உயரத்திலும் வேகத்திலும் பெரிதாகத் தெரிந்த ஜூல்கள், வெப்பமாகச் சேரும்போது வெப்பமானியில் ஒரு கோட்டைக்கூட நகர்த்துவதில்லை.

வேதியியல் இருப்புக்குப் பள்ளி வகுப்பில் எளிய சூத்திரம் இல்லை; எரிபொருளின் நிறையை அதன் கலோரி மதிப்பால், அதாவது ஒரு கிலோ எரிந்தால் வெளிப்படும் ஆற்றலால், பெருக்குகிறோம், அவ்வளவே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 3.3 கோடி ஜூல் வெளிப்படும். அப்படிப் பார்த்தால், 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அந்த இருசக்கர வண்டியின் இயக்க இருப்பு முழுவதும் ஒரு மில்லிலிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே ஒரு பிழையான வாசகத்தையும் களைந்துவிட வேண்டும்: "வேதிப் பிணைப்புகள் உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது" என்று பலர் எழுதுகிறார்கள். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும். கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு புதிய, வலிமையான பிணைப்புகளை உண்டாக்கும்போதுதான் அதைவிட அதிகமான ஆற்றல் வெளிவருகிறது. மிஞ்சுவதுதான் நமக்குக் கிடைக்கும் வரவு.

மூன்றாம் படி: எந்த வழியாகப் போனது என்று குறியுங்கள்

மின்சாரம், ஒளி, ஒலி, வெப்பம் ஆகியவற்றை ஆற்றல் வடிவங்கள் என்று பட்டியலிட்டுப் பழகியவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இருப்பு என்பது ஒரு கணத்தில் ஒரு பொருளிடம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத்தக்கது. மின்கம்பியில் ஓடும் மின்னோட்டமோ, சூரியனிலிருந்து வரும் ஒளியோ, ஒரு கிடங்கு அன்று. ஓர் இருப்பிலிருந்து இன்னோர் இருப்புக்கு ஆற்றல் போய்க்கொண்டிருக்கும் பாதை. ஊரிலிருந்து அனுப்பிய மணியார்டர் தபால்காரர் பையில் இருக்கும்போது அது அனுப்பியவரின் கணக்கிலும் இல்லை, பெறுபவரின் கணக்கிலும் இல்லை அல்லவா? அதைப் போன்றது இது.

வழிகள் நான்கு. விசை ஒன்று ஒரு பொருளை நகர்த்தும்போது ஆற்றல் விசை வழியாகப் போகிறது. விசையை, விசையின் திசையில் நகர்ந்த தொலைவால் பெருக்கினால் எத்தனை ஜூல் போனது என்று தெரியும், இதையே வேலை என்கிறோம். மின்சுற்றில் மின் வழியாகப் போகிறது. மின்னழுத்த வேறுபாடு, மின்னோட்டம், நேரம் மூன்றையும் பெருக்க வேண்டும். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குக் கடத்தலாலும் சலனத்தாலும் போவது வெப்ப வழி. ஒளியாகவும் அகச்சிவப்புக் கதிராகவும் போவது கதிர்வீச்சு வழி. ஒலியையும் அலை என்பதால் இதனோடு சேர்த்தே எழுதுவது வழக்கம். சுவரைக் கைவலிக்கத் தள்ளிக்கொண்டே நின்றால் சுவர்மீது செய்த வேலை சுழி, ஏனெனில் சுவர் நகரவில்லை. வியர்வை சிந்தியவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் அவர் உடலின் வேதியியல் இருப்பு குறைந்தது உண்மை, அது சுவருக்குப் போகாமல் அவர் தசைகளின் வெப்ப இருப்புக்கே போனது என்று எழுதினால் கணக்கும் சரியாகும், அவரும் சமாதானமடைவார்.

நான்காம் படி: எண்களை இட்டுப் பாருங்கள்

ராட்டினம் போட்ட கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாளியும் தண்ணீரும் சேர்ந்து 10 கிலோ. நீர்மட்டம் 8 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தொடக்கக் கணம், வாளி நீரைவிட்டு மேலெழும்பும் நேரம். முடிவுக் கணம், வாளி கிணற்றின் விளிம்பில் அசையாமல் நிற்கும் நேரம். வாளியும் பூமியும் சேர்ந்த ஈர்ப்பு இருப்பு கூடியது; கூடிய அளவு 10 × 9.8 × 8, அதாவது 784 ஜூல். இரண்டு கணங்களிலும் வாளி ஏறத்தாழ ஓய்வில் இருப்பதால் இயக்க இருப்பில் மாற்றம் இல்லை. இழுப்பவரின் வேதியியல் இருப்பு குறைந்தது. ஆற்றல் கயிற்றின் வழியே, விசை வழியாகச் சென்றது.

இப்போது கயிற்றின் மறுமுனையைப் பார்க்க வேண்டும். வாளியின் எடை 98 நியூட்டன்தான் என்றாலும், எண்ணெய் காணாத ராட்டினத்தில் இழுப்பவர் 115 நியூட்டன் விசை கொடுக்க வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்த வேலை 115 × 8, அதாவது 920 ஜூல். வாளிக்குச் சேர்ந்தது 784. மீதி 136 ஜூல் ராட்டினத்தின் அச்சிலும் கயிற்றிலும் வெப்ப இருப்பாகச் சேர்ந்தது. கிறீச்சென்ற ஒலியாகப் போனதும் அதில் ஒரு துளி. 784-ஐ 920-ஆல் வகுத்தால் 0.85, ராட்டினத்தின் பயனுறுதிறன் 85 விழுக்காடு. அச்சுக்கு எண்ணெய் விட்டால் அந்த 136 குறையும், 784 குறையாது.

கைநழுவி வாளி திரும்பக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, நீரைத் தொடும் கணத்தில் 784 ஜூலும் இயக்க இருப்பில் இருக்கும். நிறையில் பாதி, வேகத்தின் இருமடி என்னும் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், மணிக்கு 45 கிலோமீட்டர். தண்ணீர் தெறித்து, அலையடித்து, அடங்கிய பிறகு அந்த ஆற்றல் கிணற்று நீரின் வெப்ப இருப்பில் கிடக்கிறது. கிணற்றில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்தான் இருக்கிறது என்றாலும் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட உயராது.

அவ்வளவு சிறிய உயர்வு உண்மையிலேயே நிகழ்கிறது என்று நம்புவது எப்படி? ஜூல் என்னும் அலகுக்குப் பெயர் கொடுத்தவரின் வாழ்நாள் வேலையே இதுதான். 1818-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில், பீர் வடிக்கும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், எடைக்கற்கள் கீழிறங்கும்போது நீருக்குள் துடுப்புகள் சுழலுமாறு ஒரு கருவி அமைத்து, நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று நுட்பமான வெப்பமானிகளால் அளந்தார். 1845-இல் எழுதிய கடிதம் ஒன்றில், 160 அடி உயரத்திலிருந்து விழும் நயாகரா அருவியின் நீர் அந்த வீழ்ச்சியினால் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக வேண்டும் என்று கணக்கிட்டார். நம் எண்களால் சரிபாருங்கள்: 160 அடி என்பது 48.8 மீட்டர், 9.8-ஆல் பெருக்கி 4,200-ஆல் வகுத்தால் 0.11 டிகிரி செல்சியஸ், அதாவது 0.2 டிகிரி ஃபாரன்ஹீட். நிறை இருபுறமும் அடிபட்டுப் போவதால், ஒரு குடம் தண்ணீர் விழுந்தாலும் ஓர் அருவியே விழுந்தாலும் உயர்வு ஒன்றுதான்.

ஐந்தாம் படி: வீட்டில் அளந்து, விட்டுப்போனதைத் தேடுங்கள்

இந்தப் படியைப் புத்தகத்தில் படித்துக் கடந்துவிடாமல், மின்கெட்டிலும் கடிகாரமும் சமையல் வெப்பமானியும் வைத்துச் செய்து பார்க்க வேண்டும். சிறுவர்கள் செய்தால் கொதிநீர் அருகே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். 1,500 வாட் என்று குறித்த கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, 30 டிகிரியிலிருந்து கொதிக்கும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நான்கு நிமிடம் ஆனது என்று கொள்வோம்.

மின் வழியாக வந்தது 1,500 × 240, அதாவது 3,60,000 ஜூல். மிகச் சரியாக ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீரின் வெப்ப இருப்பில் சேர்ந்தது 4,200 × 70, அதாவது 2,94,000 ஜூல். 66,000 ஜூல் இடிக்கிறது. "வீணாயிற்று" என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கணக்குப் படிப்பவருக்கு அந்த 66,000-தான் சுவையான பகுதி. கெட்டிலின் உடல் அரைக் கிலோ எஃகு என்றால், எஃகின் தன்வெப்ப ஏற்புத்திறன் சுமார் 500 ஆகையால், அதுவும் 70 டிகிரி சூடாக 17,500 ஜூல் எடுத்துக்கொண்டது. மூக்கு வழியே 10 கிராம் நீராவி போயிருந்தால், ஒரு கிராம் நீர் ஆவியாக 2,260 ஜூல் வேண்டும் என்பதால், அது 22,600. எஞ்சிய 25,900 ஜூல் கெட்டிலின் வெளிப்புறத்திலிருந்து அறைக் காற்றுக்கு வெப்ப வழியாகவும் கதிர்வீச்சு வழியாகவும் போயிருக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து மறுபடி செய்து, நேரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால், நீராவிக் கணக்கு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

இப்போது மின்விசிறிக்குத் திரும்புவோம். 75 வாட் விசிறி எட்டு மணி நேரத்தில் இழுப்பது 0.6 யூனிட், அதாவது 21,60,000 ஜூல். சுழலும் இறக்கைகளின் இயக்க இருப்பு நூறு ஜூல் அளவிலானதுதான்; அது தொடங்கிய சில நொடிகளிலேயே நிறைந்துவிட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஜூலும் மோட்டாரின் சுருள்களைச் சூடாக்கியது, அல்லது காற்றை நகர்த்தியது. நகர்ந்த காற்று சுவரிலும் கட்டிலிலும் மோதி, தனக்குள்ளேயே உரசி ஓய்ந்தபோது அதுவும் வெப்ப இருப்பானது. ஆகவே மூடிய அறையில் மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, சூடாக்குகிறது. நமக்குக் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், தோலின் மீதுள்ள வியர்வை விரைந்து ஆவியாவதே. ஆள் இல்லாத அறையில் விசிறியை ஓடவிட்டுப் போவது மீட்டருக்கு மட்டுமே நன்மை செய்யும்.

இங்கே ஒரு மாணவர் எதிர்க்கேள்வி போடலாம். பத்துக்குப் பத்தே கால் அடி அறையில் ஏறக்குறைய 35 கிலோ காற்று இருக்கும். ஒரு கிலோ காற்று ஒரு டிகிரி சூடாக 1,000 ஜூல் போதும். அப்படியானால் 21,60,000 ஜூலுக்கு அறை அறுபது டிகிரி சூடேறியிருக்க வேண்டாமா? நல்ல கேள்வி, பிழை முதல் படியில் இருக்கிறது. எல்லையைக் காற்றோடு நிறுத்திவிட்டோம். சுவர்களும் தரையும் மேற்கூரையும் டன் கணக்கில் நிறை உடையவை. காற்றிலிருந்து அவற்றுக்கும், ஜன்னல் வழியே வெளிக்கும் ஆற்றல் போய்க்கொண்டே இருக்கிறது.

பெரிய அளவில் சேமிப்பது

மேலே கண்ட எண்களை வைத்துக்கொண்டு மின்சாரத்தைச் சேமிக்கும் சிக்கலையும் அணுகலாம். வீட்டு மாடியில் 10 மீட்டர் உயரத்தில் உள்ள 1,000 லிட்டர் தொட்டி நிறைந்திருக்கும்போது அதன் ஈர்ப்பு இருப்பு 98,000 ஜூல். கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவைப்பட்ட 2,94,000 ஜூலில் அது சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஆயிரம் லிட்டரைத் தூக்கி வைத்தும் ஒரு டம்ளர் காப்பிக்கு மேல் தேறாது என்றால், தண்ணீரைத் தூக்கி வைத்து மின்சாரம் சேமிப்பவர்கள் எதை நம்பிச் செய்கிறார்கள்?

உயரத்தையும் அளவையும் நம்பித்தான். கோயம்புத்தூர் மாவட்டத்தில், ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 100 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்களைக் கொண்டது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரைக் காடம்பாறை நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவை கூடும் வேளையில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பது அதன் வேலை. நான்கு எந்திரங்களும் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 4 லட்சம் யூனிட் கிடைக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் 0.27 யூனிட்தான் தேறும். ஆகவே வீழ்ச்சி உயரம் 100 மீட்டர் மட்டுமே என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர் நீர் வேண்டும். உயரம் மும்மடங்கானால் 5 லட்சம் போதும். இத்தகைய நிலையங்களுக்கு மலைகளைத் தேடிப் போவதன் காரணம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. ஏற்றச் செலவான மின்சாரத்தில் பொதுவாக 70 முதல் 80 விழுக்காடு வரைதான் திரும்பக் கிடைக்கும். மீதி, ராட்டினத்தின் 136 ஜூலைப் போல, எந்திரங்களிலும் குழாய்ச் சுவர்களிலும் நீரிலும் வெப்ப இருப்பாகச் சேர்கிறது.

நீங்களே எழுதிப் பார்க்க ஒரு கணக்கு

மண்பானையில் 5 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஓர் இரவில் அதன் சுவர்த் துளைகள் வழியே கசிந்து 100 கிராம் ஆவியாகிறது. அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் தேவை. பானை நீர் எவ்வளவு குளிரும்?

ஆவியானது எடுத்துச் சென்றது 2,40,000 ஜூல். ஐந்து கிலோ தண்ணீர் ஒரு டிகிரி குளிர 21,000 ஜூல் இழக்க வேண்டும். வகுத்தால் 11 டிகிரிக்கு மேல் வருகிறது. ஆனால் பானையைத் தொட்டுப் பார்த்தால் அவ்வளவு குளிர்ந்திருக்காது. ஏனெனில் பானை அறையைவிடக் குளிரத் தொடங்கிய கணத்திலிருந்தே அறைக் காற்றிலிருந்து அதற்கு வெப்ப வழியாக ஆற்றல் வந்துகொண்டிருக்கிறது. ஒரு நொடியில் ஆவி எடுத்துச் செல்வதும் காற்று கொண்டுவந்து சேர்ப்பதும் சமமாகும் வெப்பநிலையில் பானை நின்றுவிடுகிறது. சித்திரை வெயிலில், காற்று உலர்ந்த உள்மாவட்டங்களில், செலவு விரைவாக நடப்பதால் அந்த வெப்பநிலை தாழ்வாக அமைகிறது; ஐப்பசி மழையில் சென்னையின் ஈரக் காற்றில் செலவுப் பக்கம் ஏறத்தாழ வெறுமையாக இருப்பதால், பானைத் தண்ணீரும் குடத்துத் தண்ணீரும் ஒன்றாகவே இருக்கும்.